உயிரோடிருப்பவனுக்கு வாரிசு இல்லை: உடைமை மாற்றம் பற்றிய சில இலத்தீன் சட்டமொழிகள்

தூத்துக்குடியிலும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித்துறை ஊர்களிலும் சேகரப்பணி ஆற்றும் குருவானவர் எவரும், ஆண்டிற்கு ஒரு முறையேனும் ஏதேனும் ஒரு பத்திரத்தின் முன் அமர்த்தப்படுவார். நோயுற்ற முதியவர் உயில் எழுத விரும்புகிறார். ‘ஐயா பக்கத்தில் இருந்தால் நல்லது’ என்று வீட்டார் ஆளனுப்புகின்றனர். மகளுக்கு மணம் பேசி முடித்த தகப்பனார், கோயிலில் மண அறிக்கை வாசிக்கப்படுமுன்னரே அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட எண்ணி, சாட்சிக் கையொப்பத்திற்குக் குருவானவரை நாடுகிறார். அவ்வேளைகளில் வக்கீலின் வாயில் சில இலத்தீன் தொடர்கள் வந்து விழும். கிரேக்கமும் எபிரேயமும் எழுத்துக்கூட்டிப் படித்த நாம், இவற்றைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுக் கையொப்பமிடுகிறோம். வக்கீலின் நாற்காலியில் குருவானவர் ஏறி அமர வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆயினும் அத்தொடர்களுள் சில எவருடைய பங்கைக் காக்கின்றன, எவருடைய பங்கு எவ்விடத்தில் நழுவிப் போகிறது என்பதை அறியாமல் சாட்சியாக நிற்பது தகாது.

முதலில் கருதத்தக்கது, ‘நேமோ எஸ்த் ஹேரெஸ் விவெந்திஸ்’ என்னும் தொடர். உயிரோடிருப்பவனுக்கு வாரிசு என ஒருவரும் இல்லை என்பது இதன் பொருள். மகன் இருக்கலாம், மகள் இருக்கலாம். ஆனால் தந்தை மூச்சோடிருக்கும் நாள்வரை அவர்கள் பிள்ளைகளேயன்றி வாரிசுகள் அல்லர். அவர்களிடம் இருப்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. அந்நம்பிக்கைக்கும் இலத்தீனில் ஒரு பெயருண்டு: ‘ஸ்பெஸ் சுக்செஸ்ஸியோனிஸ்’, அதாவது வாரிசாகக்கூடும் என்னும் எதிர்பார்ப்பு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 6-ஆம் பிரிவின் முதற்கூற்றிலேயே, இவ்வெதிர்பார்ப்பு கைமாற்றத்தக்க சொத்தன்று என்று விதிக்கிறது. இல்லாத ஒன்றை விற்கவும் இயலாது, விட்டுக்கொடுக்கவும் இயலாது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் இளைய குமாரன் தன் பங்கைக் கேட்டபோது எதனைக் கேட்டான் என்பதை இத்தொடரை மனத்தில் வைத்து மீண்டும் வாசித்தால் அக்கதையின் கூர்மை புலப்படும். தகப்பன் இறந்தபின் வரவேண்டியதை, அவர் முகத்துக்கு முன் நின்று கேட்கிறான்.

இத்தொடர் நம் சபையாருள் பலர் கொண்டுள்ள ஓர் எண்ணத்தை அடியோடு பெயர்க்கிறது. ‘இது பூர்வீகச் சொத்து, ஆண்மக்களுக்குப் பிறப்புரிமை உண்டு’ என்று சகோதரர்கள் உரைப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பிறப்பினாலேயே பங்கு என்பது இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டத்தின் கோட்பாடு. கிறிஸ்தவரை ஆளும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. கத்தோலிக்கர், புராட்டஸ்தாந்தர் என்ற வேறுபாடும் அதில் இல்லை. பாட்டனாரிடமிருந்து வந்த வீடாயினும் தந்தை சம்பாதித்த வள்ளமாயினும், அவர் வாழ்நாளில் அது அவருடையது மட்டுமே. மகனுக்கும் அதில் ஒன்றுமில்லை, மகளுக்கும் ஒன்றுமில்லை. அவர் உயில் எழுதாமல் இறந்த அந்நொடியில் இருவருக்கும் சமமாகவே பங்கு பிறக்கிறது.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதற்கு நம் மாகாணத்து வழக்கொன்றை நினைவுகூர வேண்டும். பெல்லாரியில் பெருஞ்செல்வம் ஈட்டிய மத்தேயு ஆபிரகாம் என்னும் கிறிஸ்தவர் 1842-இல் உயிலின்றி இறந்தார். அவர் முன்னோர் தமிழ்ப் பறையர் வகுப்பினர். மனைவி சார்லட் கலப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இறந்தவரின் தம்பி பிரான்சிஸ், தாங்கள் பிரியாத கூட்டுக் குடும்பத்தினர் என்றும் சொத்தில் பாதி தமக்குரியது என்றும் வாதாடினார். விதவை எதிர்த்து நின்றார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1863-இல் முடிவுற்றது. மதம் மாறியவர் பழைய சட்டத்தைப் பற்றி நிற்கவும் கூடும், அதனை விட்டு நீங்கவும் கூடும். எதனைத் தெரிந்துகொண்டார் என்பதை அவர் வாழ்ந்த முறை காட்டும் என்று கூறிய அம்மன்றம், கூட்டுக் குடும்ப உரிமையை ஏற்கவில்லை. குடும்பந்தோறும் வழக்காறு ஆராய்ந்து கொண்டிருப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. 1865-இல் இயற்றப்பட்டு 1866 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டம் அக்குழப்பத்தைத் தீர்த்தது. மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு என்னும் விதி அன்றிலிருந்தே நம்முடையது. அண்டை வீட்டு இந்துப் பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் ஆணோடு சமவுரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும்தான் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்க.

அங்ஙனமாயின் நம் கடற்கரையில், ‘சீதனம் கொடுத்தாயிற்று, இனி மகளுக்குப் பங்கில்லை’ என்னும் வழக்கு எங்ஙனம் வேரூன்றிற்று? தூத்துக்குடியின் இருபுறமும் நோக்கினால் ஒருவாறு விளங்கும். கிழக்கே கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். தூத்துக்குடியில் 1750-இல் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் கட்டிய அதே ஒல்லாந்தர், யாழ்ப்பாணத்தில் 1707-இல் தேசவழமையைத் தொகுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாகப் பகுத்த அத்தொகுப்பில், சீதனம் பெற்று மணமாகிச் சென்ற மகள் பெற்றோர் சொத்தில் மீண்டும் பங்கு கேட்கவியலாது. மேற்கே திருவாங்கூர். அங்கு 1916-இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகன் பங்கில் நான்கிலொன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே என்றது. விதவைக்கு ஆயுட்கால அனுபவம் மட்டுமே, மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. கிழக்கிலும் மேற்கிலும் கொள்வினை கொடுப்பினை உடைய நம் மக்கள், தமக்கெனச் சட்டம் வேறாக இருந்தபோதும், அண்டை நாட்டார் வழக்கைத் தம்முடையதாகக் கொண்டனர் என்றே நான் கருதுகிறேன்.

திருவாங்கூர்ச் சட்டம் நெடுநாள் நின்றது. 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்திலும் அது தொடர்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 1978-இல் தீர்ப்பளித்தது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்னும் ஆசிரியை தம் தந்தையின் சொத்தில் சமபங்கு கோரித் தொடுத்த வழக்கில், 1986-இல் உச்ச நீதிமன்றம் அக்கருத்தைத் தள்ளி, 1951 முதலே அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது என்று அறிவித்தது. நாகர்கோவிலில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தூத்துக்குடிக் குடும்பங்கள் இன்னும் பழைய கணக்கிலேயே பேசுகின்றன. குருவானவருக்கேனும் இத்தேதிகள் நினைவிருத்தல் நலம்.

இப்போது அந்த விடுதலைப் பத்திரத்திற்கு வருவோம். தந்தை உயிரோடிருக்க, ‘எனக்கு வரவேண்டிய பங்கைச் சீதனமாகப் பெற்றுக்கொண்டேன், பின்னால் உரிமை கோரேன்’ என்று மகள் எழுதிக் கொடுப்பது, இல்லாத பங்கை விட்டுக்கொடுப்பதேயாகும். அவ்வெழுத்தினால் மட்டும் உரிமை மாறுவதில்லை. ஆனால் இதனை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போய், ‘கையெழுத்துப் போடு மகளே, அது செல்லாது’ என்று ஆறுதல் கூறுவதும் ஆபத்து. பொருள் பெற்றுக்கொண்டு, இனி உரிமை கோருவதில்லை என்று உறுதி கூறி, அதனை நம்பிப் பிறர் நடந்துகொள்ளச் செய்தவர், பின்னர் மாற்றிப் பேச முரண்தடை குறுக்கே நிற்கக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 1973-இலும், தமிழ்நாட்டுக் குடும்பமொன்றின் வழக்கில் 2023-இலும் கூறியுள்ளது. ஆகவே அப்பத்திரம் வெற்றுத்தாளும் அன்று, உறுதியான கதவும் அன்று; வழக்கிற்கு வித்து. தந்தை இறந்தபின் மகள் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் வேறு. அப்போது பங்கு அவளுடையது. மனமுவந்து தம்பிக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு முழு உரிமை உண்டு. மனம் உவந்ததா என்பதே அங்குக் கேட்க வேண்டிய கேள்வி. அதனைச் சார்பதிவாளர் கேட்கமாட்டார்.

இதே தொடருக்குக் கடற்கரையில் இன்னொரு முகமும் உண்டு. உயிரோடிருப்பவனுக்கு வாரிசு இல்லையெனின், கடலுக்குச் சென்று திரும்பாதவன் உயிரோடிருக்கிறானா, இல்லையா? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது குமரிக் கடற்கரையில் எழுந்த கேள்வி இதுவே. உடல் கிடைக்கவில்லையெனில், ஏழாண்டுக் காலம் அவனைப்பற்றிச் செய்தியே இல்லாதபோது, அவன் உயிரோடிருக்கிறான் என்பவரே அதனை நிறுவ வேண்டும் என்பது சான்றுச் சட்டத்தின் விதி. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த இவ்விதி, அதனை மாற்றி வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. அதற்குமுன் மரணத்தைச் சான்றுகளால் மெய்ப்பிக்கத் தடையில்லை. எந்நாளில் எந்தப் படகில் எவரோடு சென்றான் என்பதை உடனே எழுத்தில் பதிந்து வைப்பது, அத்தகைய வீட்டிற்குச் செல்லும் குருவானவர் ஜெபத்தோடு கூடச் செய்யத்தக்க உதவி.

பங்கிடும் முறைக்கு வருவோம். ‘பெர் ஸ்திர்ப்பேஸ்’ என்பது வேர்வழிப் பங்கு. ‘பெர் காப்பித்தா’ என்பது தலைவழிப் பங்கு. ஒருவர் தம் பட்டா நிலத்தில் 9 ஏக்கர் உப்பளம் விட்டு, உயிலின்றி இறக்கிறார் என்க. மனைவி இருக்கிறார். ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கின்றனர். இன்னொரு மகன் தந்தைக்கு முன்னரே இறந்துவிட, அவனுக்கு இரு குழந்தைகள். மனைவிக்கு மூன்றிலொன்று, அதாவது 3 ஏக்கர். எஞ்சிய 6 ஏக்கர் மூன்று வேர்களுக்கு இரண்டிரண்டாகப் பிரியும். இறந்த மகனின் பிள்ளைகள் தந்தையின் 2 ஏக்கரை ஆளுக்கு ஒன்றாகப் பெறுவர். தலைவழியாக எண்ணினால் நால்வருக்கும் ஒன்றரை ஏக்கர் வந்திருக்கும். சட்டம் இங்கு அவ்வாறு எண்ணவில்லை. தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்றிதழில் பெயர்கள் மட்டுமே இருக்கும், பின்னங்கள் இரா. ஆகவே பெயரின் வரிசையைப் பார்த்துப் பங்கைக் கணிப்பது பிழை. பிள்ளைகள் இல்லாதவர் இறந்தால் மனைவிக்குப் பாதி. மறுபாதி முழுவதும் தந்தைக்கே. அவர் உயிரோடிருக்கும்வரை பெற்ற தாய்க்கு ஒன்றுமில்லை. கடலில் மகனை இழந்த தாய்க்கு இதனை விளக்கிச் சொல்வது எளிதன்று. மகளுக்குச் சமநீதி செய்த அதே சட்டம் தாயை இப்படி நிறுத்தியிருப்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

மேற்கூறியவை யாவும் உயில் இல்லாதபோது மட்டுமே. உயில் எழுதுகிறவரின் கையை நம் சட்டம் ஏறத்தாழக் கட்டவேயில்லை. ரோமரிடம் ‘லெஜித்திமா போர்த்சியோ’ என்ற ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குத் தகப்பன் விட்டேயாக வேண்டிய குறைந்த பங்கு அது. காரணமின்றி ஒதுக்கப்பட்ட பிள்ளை, அவ்வுயில் கடமை தவறியது என்று முறையிடலாம். ஆங்கிலேயர் நமக்குத் தந்த சட்டத்தில் அக்காவல் இல்லை. ஆதலின் 1866 முதல் மகளுக்கிருக்கும் சமபங்கை, ஒரு தகப்பனார் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, இருவரைச் சாட்சியிட்டு, முத்திரையும் பதிவும்கூட இல்லாமல் அழித்துவிட முடியும். விதவையையும் அவ்வாறே ஒன்றுமின்றி விட முடியும். எழுதும்போது அருகிலிருப்பவர் குருவானவர்.

உயில் என்பது இலத்தீனில் ‘தெஸ்தாமெந்தும்’. ‘தியாதேக்கே’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அது பெயர்ப்பாக நின்றதால், உடன்படிக்கையைக் குறிக்கும் நம் ஏற்பாடுகளுக்கும் மேனாட்டு மொழிகளில் அதுவே பெயராயிற்று. எபிரேயர் 9-இல் மரணசாசனம் என நம் வேதாகமம் பெயர்த்திருப்பது இச்சட்டப் பொருளையே. ‘சுதந்தரவாளி’ என்னும் பழைய சொல்லையும் இங்கு நினைக்கலாம். இக்கால இளைஞர் அதனை விடுதலை பெற்றவன் என்று பொருள் கொண்டுவிடுகின்றனர். கலாத்தியர் 4-இல் அது வாரிசையே குறிக்கிறது. ரோம சட்ட அறிஞர் உயிலை ‘அம்புலாத்தோரியா’ என்றனர்: இறுதி மூச்சுவரை நடமாடிக்கொண்டிருப்பது, மாற்றத்தக்கது. நம் சட்டத்திலும் அவ்வாறே. இதில் குருமார் பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதியபின் திருமணம் செய்தால், 69-ஆம் பிரிவின்படி அவ்வுயில் தானே அற்றுப்போகும். மனைவியை இழந்த ஒருவருக்கு நாம் இரண்டாம் திருமணம் நடத்தி வைக்கும் அந்த அரைமணி நேரத்தில், முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கென அவர் பெட்டியில் வைத்திருக்கும் உயில் செல்லாததாகிறது. மண அறிக்கை எழுத வரும்போதே இதனை அவரிடம் சொல்லிவிடலாம்.

‘நேமோ தாத் குவோத் நோன் ஹாபெத்’ என்பது அடுத்த தொடர்: தன்னிடம் இல்லாததை ஒருவன் கொடுக்க இயலாது. அரசு குத்தகையில் உப்பளம் நடத்துகிறவர் குத்தகை உரிமையை மட்டுமே விட்டுச்செல்ல முடியும், மண் அவருடையதன்று. கடலின் செல்வம் குறித்தும் இக்கேள்வி எழுந்ததுண்டு. காட்டு விலங்கைப் போலப் பிடித்தவனுக்கே உரியவை ‘ஃபெரே நாத்தூரே’ எனப்படும். சங்கும் அத்தகையதா? இராமநாதபுரம் அரசரின் உரிமையிலிருந்த பாக் நீரிணைச் சங்குப் படுகைகளில் அனுமதியின்றி எடுத்தவர்மீது வந்த வழக்கில், அது திருட்டேயாகும் என்று 1904-இல் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. படுகையோடு கிடக்கும் சங்கு, ஓடித் திரியும் மீனைப் போன்றதன்று. முத்துப் பார்களும் என்றும் அரசுடைமையாகவே நின்றன. தலைமுறை தலைமுறையாக மூழ்கியெடுத்தவன், 1961-இல் இறுதிக் குளிப்பு முடிந்தபோது, தன் மகனுக்கு விட்டுச்செல்லக் கல்லும் கயிறுமன்றி வேறென்ன பெற்றிருந்தான் என்ற வினாவிற்கு இலத்தீன் தொடரில் விடையில்லை.

வாழ்நாளிலேயே கொடுப்பது பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். ‘தொனாத்சியோ மோர்த்திஸ் கவுசா’ என்பது சாவை எதிர்நோக்கிக் கையளிக்கும் கொடை. நகை, பணம் போன்ற அசையும் பொருளுக்கு மட்டுமே அது பொருந்தும்; நோய் நீங்கிப் பிழைத்தால் கொடை அற்றுப்போம். வீட்டையும் மனையையும் வாயால் கொடுக்க முடியாது. பதிவு செய்த தானபத்திரமோ செட்டில்மென்டோ வேண்டும். அதனை எழுதும் முதியவர்கள் ‘ஊசுஸ்ஃப்ருக்துஸ்’ எனப்படும் ஆயுட்கால அனுபவ உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொள்ளாமல் எழுதிவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவதை நாம் காண்கிறோம். பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதப்பட்டிருந்து, பிள்ளைகள் அதனை மீறினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் அப்பத்திரத்தை நீக்கக் கோரலாம். நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதுவிப்பது பிற்கால வழக்கைக் குறைக்கும்.

இறுதியாக, திருச்சபையையே நேராகத் தொடும் தொடர் ஒன்று: ‘மோர்த்துவா மானுஸ்’, செத்த கை. திருச்சபையின் கைக்குச் சென்ற நிலம் மீண்டும் கைமாறாது; இறந்தவன் பிடி போல் இறுகிவிடும் என்று மன்னர்கள் அஞ்சினர். இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு 1279-இல் இதற்கெனச் சட்டம் செய்தார். 1736-இல் வந்த இன்னொரு சட்டம், சாவுக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்னரே எழுதப்பட்டாலன்றி அறச்செயலுக்கு நிலம் கொடுப்பது செல்லாது என்றது. மரணப்படுக்கையில் குருமார் செய்யும் வற்புறுத்தலுக்கு எதிரான வேலி இது. அதன் சாயலே நம் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் வந்து அமர்ந்தது: உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உடைய கிறிஸ்தவர், சாவுக்குப் பன்னிரண்டு மாதம் முன்னரே எழுதி, ஆறு மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைத்த உயிலினால் அன்றிச் சமயப் பணிக்கோ அறத்திற்கோ சொத்தை விட இயலாது. பிற சமயத்தாருக்கு இத்தடை இல்லாதிருக்க, கிறிஸ்தவருக்கு மட்டும் ஏன் என்று கேரளத்துக் கத்தோலிக்கக் குரு ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில், 2003 சூலையில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைச் சமத்துவத்துக்கு மாறானது எனத் தள்ளுபடி செய்தது. தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்ததும் அதே ஆண்டில்தான்.

தீர்ப்பு நியாயமானது. ஆயினும் வேலி இருந்த இடத்தில் இனி நாமே நிற்க வேண்டியவர்களானோம். 61-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது: வஞ்சனை, வலுக்கட்டாயம் ஆகியவற்றால் மட்டுமன்றி, எழுதுபவரின் சொந்த மனத்தைப் பறிக்கும் அளவுக்கு நச்சரித்தும் பெறப்பட்ட உயில் செல்லாது. நச்சரிப்பு என்பதைச் சட்டம் செய்தவர்கள் தனியே பெயர் சொல்லிக் குறித்ததை நாம் கவனிக்க வேண்டும். மேலும் 67-ஆம் பிரிவின்படி, சாட்சிக் கையொப்பமிட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அவ்வுயிலில் விடப்பட்ட கொடை செல்லாது. உயில் நிற்கும், கொடை விழும். ‘எங்கள் சபைக்கு’ என்று மட்டும் எழுதிவைப்பதும் வழக்கிற்கே இடமாகும். சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் அமைப்பு எதுவோ, 1947-இல் பதிவான தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷனோ பிறிதோ, அதன் முழுப்பெயர் எழுதப்பட வேண்டும்.

கொடைகளுக்கெல்லாம் முன்னே கடன் நிற்கிறது. 325-ஆம் பிரிவு, உயிலில் சொன்ன கொடை எதனையும் வழங்குமுன் கடன்களைத் தீர்க்கச் சொல்கிறது. 2011 முதல் எவர் பெயரால் தூத்துக்குடித் துறைமுகம் வழங்குகிறதோ, அந்த வ.உ.சிதம்பரனார் வக்கீலாக இருந்தவர்; இதனை அறிந்தவர். 1936 நவம்பரில் தூத்துக்குடியில் இறப்பதற்கு முன் அவர் எழுதுவித்த உயிலில், ஜவுளிக்கடைப் பாக்கியும் எண்ணெய்க்கடைப் பாக்கியும் கடன்களாகக் குறிக்கப்பட்டன. ஆலயத்துக்கு மணி வாங்க எழுதிவைத்த தொகையும் இவ்விதிக்கு விலக்கன்று. இறந்தவர் மளிகைக் கடைக்குத் தரவேண்டியது தீர்ந்தபின்னரே சபையின் கணக்கு தொடங்கும்.